இரண்டு பக்கமும் சேர்ந்து போட்ட கோடு

வெள்ளாங்கரை உப்பளத்தில் ஒரு வரப்பு போட வேண்டும் என்றால் வடக்கூர்க்காரன் மண்வெட்டியும் தெக்கூர்க்காரன் மண்வெட்டியும் ஒரே நேரத்தில் தரையில் இறங்க வேண்டும், ஒன்று முந்தினால் முந்தினவன் கோட்டைத் தன் பக்கம் இழுத்துவிட்டான் என்று பேச்சு வரும், பேச்சு வந்தால் அருவாள் வரும், அருவாள் வந்துவிட்டால் அப்புறம் யாருக்கும் வரப்பைப் பற்றி நினைவே இருக்காது. அதனால் இரண்டு மண்வெட்டிக்கும் நடுவே, கோட்டின்மேல் வெறுங்காலை ஊன்றிக்கொண்டு ஒரு பொது ஆள் நிற்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள், அவன் காலுக்குப் பயந்தாவது இரண்டு பேரும் பார்த்துக் கொத்துவார்கள் என்பது கணக்கு. அப்படி நின்றவர்களில் கால்விரல் முழுசாக இருந்தவர்கள் குறைவு, ஆனாலும் அந்த ஊரில் அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது.

இஸ்ரவேலுக்கு அந்த மரியாதை பிறப்பிலேயே வந்தது. அப்பா வடக்கூர், அம்மா தெக்கூர், அந்தக் கல்யாணத்தில் விழுந்த வெட்டுகளைப் பற்றி இன்றைக்கும் பேசுவார்கள். இரண்டு ஊரும் ஒத்துக்கொண்ட ஒரே மனுஷன் என்பதால் உப்பு உற்பத்தியாளர் சங்கத்துக்கு அவனைத்தான் செயலாளராக வைத்திருந்தார்கள், யாருக்கு எந்தப் பாத்தி, யாருக்கு எப்போது கடல்தண்ணீர் என்பதெல்லாம் அவன் வாயிலிருந்து வர வேண்டும். அவன் மனைவி ஜெபக்கனி கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், கம்ப்யூட்டர் படித்தவள், சங்கத்தின் கம்ப்யூட்டர் வேலை முழுக்க அவள் பொறுப்பு.

சங்கத்தின் பழைய கம்ப்யூட்டர் ஒரு நாள் படுத்துக்கொண்டது, அது எழுந்திருப்பதற்குள் தண்ணீர் முறை குழம்பி ஒருவனுக்கு மண்டை உடைந்தது. இனி படுக்கவே படுக்காத ஏற்பாடு வேண்டும் என்று முடிவாயிற்று. இரண்டு சர்வர், இரண்டுக்கும் பொதுவாக ஒரே டிஸ்க், ஒரு சர்வர் விழுந்தால் மற்றது அந்த டிஸ்கைத் தூக்கிக்கொண்டு வேலையைத் தொடரும், கிளஸ்டர் என்று அதற்குப் பெயர் என்று ஜெபக்கனி கூட்டத்தில் எடுத்துச் சொன்னபோது இரண்டு ஊரும் கை தட்டியது. வடக்கு அறையில் ஒரு சர்வர், தெற்கு அறையில் ஒரு சர்வர், நடு அறையில் டிஸ்க் பெட்டி என்று பிரித்துக்கொண்டார்கள். அதுவரைக்கும் நன்றாகத்தான் போனது.

டிஸ்கில் பார்ட்டிஷன் போட வேண்டும் என்றதும் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். பார்ட்டிஷன் என்றால் பாத்தி கட்டுவது என்று அவர்களுக்கு உடனே புரிந்துவிட்டது, கெட்டதும் அங்கேதான்.

"அண்ணாச்சி, வரப்பு வேற, இது வேற" என்றாள் ஜெபக்கனி. "ஒரு பக்கம் உக்காந்துதான் கோடு போடணும். அந்தப் பக்கத்து சர்வர நிறுத்தி வச்சிட்டு, போட்டு முடிச்சப்புறம் எழுப்பி, இந்தா கோடு பாத்துக்கோன்னு காட்டணும். ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல எழுதுனா டிஸ்க் சிதைஞ்சிரும்."

தெக்கூர்த் தலைவர் செல்லப்பழம் சிரித்தார். "எங்க சர்வர ஒறங்கப் போட்டுட்டு இஸ்ரவேல் பொண்டாட்டி கோடு போடுவா, நாங்க கண்ண முழிச்சி சரி தாயின்னு தலையாட்டணும். நல்லாருக்கு கதை."

"அப்ப உங்க அறையிலருந்து போடட்டுமா?"

"அது நடக்காது" என்றார் வடக்கூர்த் தலைவர் வைரமணி. மற்ற எல்லாவற்றிலும் எலியும் பூனையுமாக இருக்கிற இரண்டு தலைவர்களும் அதில் மட்டும் ஒரே கட்சி. கோடு என்றால் இரண்டு கையும் சேர்ந்து போட வேண்டும், நடுவே பொது ஆள் நிற்க வேண்டும், டிஸ்க்கானால் என்ன, மண்ணானால் என்ன. ஜெபக்கனி தொண்டை வறளும் வரை சொல்லிப் பார்த்தாள். கடைசியில் இஸ்ரவேல் அவள் பக்கத்தில் வந்து, "போட்டுத் தொலை கனி. வெளிய அருவாளோட நிக்கானுவ. நான் பெட்டி மேல கைய வச்சிக்கிட்டு நிக்கேன், என்ன வந்திரப்போகுது" என்றான். அவளுக்குத் தெரியும், செய்யக்கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், ஆனாலும் ஒரு ஊரையே எதிர்த்து உட்கார அவளுக்குத் தெம்பில்லை.

பாஸ்டர் ஜெபம் பண்ணினார், சுடலைமாடன் கோயில் பூசாரி எலுமிச்சம்பழம் அறுத்தார், இஸ்ரவேல் நடு அறையில் டிஸ்க் பெட்டியின்மேல் வலது உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றான். வடக்கு அறையில் ஜெபக்கனி, தெற்கு அறையில் செல்லப்பழத்தின் மருமகன், ஊர் முழுக்கச் சேர்ந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று சத்தம் போட, இருவரும் ஒரே நேரத்தில் விசையை அழுத்தினார்கள்.

ஒன்றும் வெடிக்கவில்லை, விளக்குகூட மினுங்கவில்லை. இஸ்ரவேல் கையைத் துடைத்துக்கொண்டே வடக்குக் கதவைத் திறந்து, "முடிஞ்சுதா?" என்றான். அதே நேரத்தில் தெற்குக் கதவையும் திறந்து, அங்கே இருந்தவர்களிடமும் "முடிஞ்சுதா?" என்றான். நடு அறையில் யாரும் இல்லை. இரண்டு பக்கத்து ஜனமும் முற்றத்துக்கு வந்து, இரண்டு இஸ்ரவேலையும் மேலும் கீழும் பார்த்தது, அப்புறம் வைரமணி கடைப் பக்கம் திரும்பி, "ஏல, டீ இன்னொண்ணு சேத்துச் சொல்லு" என்றார்.

அவ்வளவுதான் ஊர் பட்ட ஆச்சரியம். ஆளுக்கொரு செயலாளர் கிடைத்தான் என்று இரண்டு ஊரும் சந்தோஷப்பட்டது, தையல்காரர் அளவு எடுக்காமலே இன்னொரு சட்டை தைத்தார், ரேஷன் கடைக்காரர் கார்டில் ஒரே பெயர்தானே இருக்கிறது என்று ஒருவனுக்கு மட்டும் அரிசி போட்டார், பாஸ்டர் ஞாயிற்றுக்கிழமைகளில் "எங்கள் சகோதரன் இஸ்ரவேல்கள்" என்று நாக்கு தடுமாறாமல் ஜெபிக்கப் பழகிக்கொண்டார். நாவிதர் மட்டும் புகார் சொன்னார், இரண்டு பேரும் ஒரே நாளில்தான் முடிவெட்ட வருகிறார்கள், ஒரே சமயத்தில்தான் தும்முகிறார்கள், கத்தி பிசகுகிறது என்று.

ஒன்றே ஒன்றுதான் கோளாறு. ஒருவன் பேசுவது மற்றவன் காதில் விழவில்லை. எதிரெதிரே நிற்க வைத்தால் வாய் அசைவது தெரியும், சத்தம் வராது, காற்றுக்கு உதடு ஆடுகிறது என்று இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள். ஜெபக்கனி நடுவில் நின்று தூது சொல்லிப் பார்த்தாள். "அவரு சொல்லுதாரு, கெழக்குத் தண்ணி மோட்டார அவரு ஒருத்தருக்குக் குடுத்துட்டாராம்" என்று வடக்கு இஸ்ரவேலிடம் சொன்னால், "அவரு யாரு? நான்தான நானு?" என்பான். தெற்கு இஸ்ரவேலிடம் போனால், அதே வார்த்தை, அதே முகச்சுளிப்பு.

வீட்டுக்கு இருவரும் முறை வைத்து வந்தார்கள், கால்வாயில் தண்ணீர் முறை வைப்பதுபோல. தெருக்குழாயில் பொம்பளைகள் அவளைச் சும்மா விடவில்லை. "ஒத்த ஆம்பளைய வச்சே நாங்க சீரழியுதோம், ஒனக்கு ரெட்டை அடிச்சிருக்கு, குடுத்து வச்சவட்டி" என்றார்கள். "வேணுன்னா ஒண்ணக் கூட்டிட்டுப் போங்க மதினி, சோறு மட்டும் நீங்க போடணும்" என்று அவளும் சிரித்தாள். உண்மையைச் சொல்வதானால் முதல் கொஞ்ச நாள் அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்தது, யார் நிஜம் என்று தேடிப் பார்த்தாள், இரண்டுமே நிஜம், ஒருவன் பாதியில் விட்ட வேடிக்கைப் பேச்சை மற்றவன் மறுநாள் வந்து முதலிலிருந்து சொல்வான், அவள் இரண்டு தடவையும் சிரித்தாள். ஆனால் சங்கத்து டிஸ்கில் அவள் பார்த்தது வேறு. இரண்டு சர்வரும் ஒன்றை ஒன்று கேட்காமல், ஒரே இடத்தில் ஒன்றின் எழுத்துமேல் மற்றது எழுதிக்கொண்டிருந்தது, இரண்டுமே டிஸ்க் தனக்கே சொந்தம் என்று நம்பிக்கொண்டிருந்தது. அதைச் சொன்னபோது யாரும் கேட்கவில்லை, இஸ்ரவேல்களே கேட்கவில்லை.

உப்பு வாருகிற காலம் வந்தது. கடலோரத்துச் சங்குப் பாத்தியை வடக்கு இஸ்ரவேல் பொன்னுத்துரைக்குக் கொடுத்தான், அன்றைக்கே தெற்கு இஸ்ரவேல் அதைச் சுடலைக்குக் கொடுத்தான். இரண்டு பேரும் யோக்கியமாகத்தான் கொடுத்தார்கள். பொன்னுத்துரையும் சுடலையும் விடிந்ததும் உப்பு வாரும் பலகையோடு பாத்தியில் இறங்கினார்கள், "செயலாளர் குடுத்தாரு" என்றான் ஒருவன், "எனக்கும் அவருதாம்ல குடுத்தாரு" என்றான் மற்றவன், அப்புறம் சுடலை பலகையைத் திருப்பிப் பிடித்துப் பொன்னுத்துரையின் தலையில் இறக்கினான், பொன்னுத்துரை உப்புத் தண்ணீரில் முகம் குப்புற விழுந்தான், சுடலை அவன் முதுகில் ஏறி நின்று அவன் அடங்கும் வரை இறங்கவில்லை. அன்று அந்தப் பாத்தியில் உப்பு சிவப்பாக விளைந்தது. வியாபாரிகள் வேண்டாம் என்றதும் கழுவிக் காயவைத்து மாட்டுக்கு விற்றுவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நிற்கவில்லை. மோட்டார் கொட்டகை எரிந்தது, உள்ளே படுத்திருந்தவனோடு எரிந்தது. கல்யாண வீட்டிலிருந்து இழுத்துவந்து ஒருவனின் காதை அறுத்தார்கள். சுடலையின் தலையைக் கால்வாய் மதகில் வைத்துவிட்டுப் போனார்கள், தண்ணீர் திறக்க வந்தவன் பார்த்துவிட்டு, முறை தவறக்கூடாது என்று அதை ஓரமாக நகர்த்தி வைத்து மதகைத் திறந்தான், அவ்வளவுக்குப் பழகியிருந்தது ஊர். இன்ஸ்பெக்டர் வந்தார், ஒவ்வொரு சம்பவத்திலும் இஸ்ரவேல் வெட்டினவன் பக்கமும் இருந்தான், வெட்டுப்பட்டவன் பக்கமும் இருந்தான், இதை எப்படி எழுதுவது என்று தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

ஏனென்றால் இஸ்ரவேல்களும் இறங்கிவிட்டார்கள். பொது ஆளாக இருந்தபோது அருவாளைத் தொடாத கை, ஒரு பக்கத்து ஆளாக ஆன பிறகு தொட்டது. தன் ஆள் செத்துக்கிடப்பதைப் பார்த்து வடக்கு இஸ்ரவேல் ஒரு மத்தியான வெயிலில் சுடலையின் தம்பியைத் துரத்திப்போய் பின்கழுத்தில் வெட்டினான், அதே மத்தியானம், அதே வெயிலில், தெற்கு இஸ்ரவேல் பொன்னுத்துரையின் மச்சானை அதே இடத்தில் வெட்டினான். இரண்டு பேரும் அவரவர் முறைக்கு வீட்டுக்கு வந்து, கொல்லையில் கை கழுவி, சோற்றில் கை வைத்துவிட்டு அழுதார்கள். இதில் நல்லவன் யார், கெட்டவன் யார் என்று ஜெபக்கனியால் பிரிக்க முடியவில்லை. அவளுக்கு இரண்டு பேர்மேலும் அருவருப்பாக இருந்தது, இரண்டு பேர் தலையையும் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. வடக்கு இஸ்ரவேலுக்கு ஒரு சண்டையில் இடது கையில் மூன்று விரல் போயிற்று, அதற்குப் பிறகுதான் ஊர் இருவரையும் தூரத்திலேயே அடையாளம் கண்டது.

கடைசியில் இரண்டு ஊரும் கூடிப் பேசியது. சண்டைக்குக் காரணம் தாங்கள்தான் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. ஒரு சங்கத்துக்கு இரண்டு செயலாளர் இருப்பதுதான் வினை, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் இரண்டு பேரும் நடுவரப்பில் அருவாளோடு சந்திக்கட்டும், மிஞ்சுகிறவனை இரண்டு ஊரும் ஏற்றுக்கொள்ளும், அத்தோடு எல்லாப் பகையும் முடிந்தது என்று செல்லப்பழமும் வைரமணியும் கை கொடுத்துக்கொண்டார்கள். ஜெபக்கனி அவர்கள் நடுவே போய் விழுந்து கத்தினாள். வைரமணி அவளைத் தூக்கி நிறுத்தி, உண்மையான பரிவோடு, "அழாத தாயி. மத்தவளுக்குப் புருஷன் செத்தா ஒண்ணும் மிஞ்சாது. ஒனக்கு ஒண்ணு மிஞ்சும்லா" என்றார்.

அவளைக் கொன்றது அந்த வார்த்தைதான். ஒன்று மிஞ்சாது என்று அவளுக்குத் தெரியும். ஒரே மனுஷன், ஒரே கை, ஒரே வேகம், ஒரே நேரத்தில்தான் ஓங்குவான், ஒரே நேரத்தில்தான் வெட்டுவான், இரண்டு பேரும் சேர்ந்தே விழுவார்கள். கிளஸ்டரிலும் இதுதான் நடக்கும். ஒன்றின் துடிப்பு மற்றதுக்குக் கேட்காமல் போனால், மற்றது டிஸ்கைக் கெடுத்துவிடும் என்று பயந்து அதன் மின்சாரத்தை வெட்டிவிடு என்றுதான் சர்வருக்குச் சொல்லி வைப்பார்கள், இரண்டும் ஒரே நொடியில் வெட்டினால் இரண்டும் சாகும். அதனால் முன்கூட்டியே ஒன்றிடம் மட்டும் சொல்லி வைக்க வேண்டும், நீ கொஞ்சம் தாமதி என்று. தாமதிக்கிறது சாகும், மற்றது பிழைக்கும். இதை அவள் கல்யாணமான புதிதில் இஸ்ரவேலுக்குச் சொல்லியிருக்கிறாள், "பாவம், எதுட்ட சொல்லுவே?" என்று அவன் கேட்டான், "எது பழசோ அதுட்ட" என்று சிரித்தாள் அவள்.

இப்போது எவனிடம் சொல்வது? சனிக்கிழமை மத்தியானம் அவள் சங்கத்து முற்றத்தில் நின்றாள். வடக்கே போகும் பாதை ஒன்று, தெற்கே போகும் பாதை ஒன்று, வெயிலில் உப்புக் குவியல்கள் கண்ணைக் குத்தின. யாரிடம் கேட்டாலும் அவன் சரி என்பான், அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை, அதனால்தான் நடக்க முடியவில்லை. கடைசியில் அவள் கணக்குப் போட்டாள். எல்லா வீட்டிலும் வயிற்றுப்பாட்டுக்குப் போடுகிற கணக்குத்தான், கை முழுசாக இருப்பவன் உழைத்துப் பிழைப்பான் என்ற கணக்கு. போட்டுவிட்டு வடக்கே நடந்தாள், நடக்கும்போதே தன்னைத் தானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

வடக்கு இஸ்ரவேல் ஒரு மோட்டார் திட்டில் உட்கார்ந்து கைக்கட்டை அவிழ்த்துக் காயத்தைக் காற்றாட விட்டிருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

"நாளைக்கு நீங்க கொஞ்சம் தாமதிக்கணும்" என்றாள்.

அவன் கால்வாயைப் பார்த்தபடி கேட்டான், "விரல் இல்லாதவன்னு பாத்தியோ?"

அவள் அழுதுகொண்டே கைக்கட்டை எடுத்து அவன் காயத்தில் திரும்பச் சுற்றினாள்.

"சரிட்டி" என்றான். "அழாத. எவ்வளவு நேரம்?"

"அவரு வெட்டுற வரைக்கும்."

"அது ரொம்ப நேரம் இல்லியே" என்று சொல்லி, விரல் இருந்த கையால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டான். அவள் தெற்கே போகவே இல்லை. போனால் அவன் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும், பார்த்தால் சொல்லிவிடுவாள், சொன்னால் எல்லாம் கெட்டுப்போகும் என்று வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, கும்பிடு முடிந்து, இரண்டு ஊரும் நடுவரப்பின் இரண்டு பக்கமும் வந்து நின்றது, பெண்கள் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள், ஐஸ் விற்கிறவன்கூட வந்திருந்தான். இரண்டு இஸ்ரவேலும் ஒரே மாதிரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் ஏறினார்கள், ஒருவனை ஒருவன் நெருங்கினார்கள், ஒரே நேரத்தில் அருவாளை ஓங்கினார்கள். ஓங்கின கை இரண்டும் அப்படியே நின்றது.

வடக்கு இஸ்ரவேல் வெட்டவில்லை. அதை எதிர்பார்த்துத்தான் ஜெபக்கனி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஆனால் தெற்கு இஸ்ரவேலும் வெட்டவில்லை. இரண்டு பேர் முகத்திலும் வேர்வை ஒரே கோடாக இறங்கியது, இரண்டு பேரும் எதற்கோ காத்துக்கொண்டு நின்றார்கள், உச்சி வெயில் ஏறியது, கூட்டத்தில் முதலில் முணுமுணுப்பு எழுந்தது, அப்புறம் ஏச்சு எழுந்தது. "வெட்டுல" என்றது வடக்கு, "வெட்டுல" என்றது தெற்கு. "வெட்டுங்க!" என்று ஜெபக்கனியே கத்தினாள், தெற்கைப் பார்த்துத்தான் கத்தினாள், அந்தச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. நம்ம ஆள் அந்தப் பக்கம் விலைபோய்விட்டான் என்று வடக்கில் ஒருவன் சொன்னான், அதையே தெற்கிலும் ஒருவன் சொன்னான், அவ்வளவுதான், வைரமணி வரப்பில் ஏறி வடக்கு இஸ்ரவேலின் பின்னால் போய்க் கழுத்தில் வெட்டினார், செல்லப்பழத்தின் மருமகன் தெற்கு இஸ்ரவேலின் முதுகில் அருவாளைச் செருகினான். தங்கள் ஆளைத் தாங்களே வெட்டினார்கள். முகத்துக்கு நேரே நின்றவர்கள் இரண்டு பேரும் ஒருவனை ஒருவன் தொடவே இல்லை.

வடக்கு இஸ்ரவேல் விழும்போதே இறந்திருந்தான். தெற்கு இஸ்ரவேலுக்கு உயிர் இருந்தது. ஜெபக்கனி வரப்பில் உருண்டு புரண்டு ஓடிவந்து அவன் தலையைத் தூக்கினாள், உப்புத் தண்ணீரில் அவன் ரத்தம் அவள் முழங்காலைச் சுற்றிப் பரவியது.

"உங்களுக்கு என்னங்க ஆச்சு?" என்று தன் முகத்தில் அறைந்துகொண்டு கேட்டாள். "நீங்க வெட்டியிருக்கணும். ஒங்ககிட்ட நான் ஒண்ணும் சொல்லலியே!"

"அதான" என்றான். மூச்சு விட்டு விட்டு வந்தது. "நேத்து பூரா நீ வருவ வருவன்னு வாசல்லயே உக்காந்திருந்தேன். நீ வரல. அப்ப அவன்ட்ட போயிருக்கன்னு தெரிஞ்சிட்டு. நீ கேட்டா அவன் நிப்பான், நான் நிப்பன்லா." அப்புறம் தெளிவாகவே சொன்னான், "நிக்கிறவன எப்படிட்டி வெட்ட?"

ஜெபக்கனி அவன் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். ஐந்து விரலும் இருந்த கை, நல்ல வலுவான கை, அது அவள் விரல்களை இறுக்கிப் பிடித்திருந்தது, பிறகு விட்டது.